ரூகரூங்கிற பேரு எங்கேர்ந்து வந்துச்சு

இங்க ஒருத்தர், அமெரிக்காவோட லூசியானா மாநிலத்துச் சதுப்புக்காட்டுல திரியுறதா கதை சொல்ற ரூகரூங்கிற ஓநாய்-மனுஷனோட பேரு அங்கத்த பூர்வகுடி மொழிச்சொல்லுன்னு போட்டிருக்காரு, நாலஞ்சு பேர் அதையே ஷேர் பண்ணிட்டாங்க. அப்படி இல்லைங்க. அது பிரெஞ்சு 'லூ-கரூ' தான், 'லூ'ன்னா ஓநாய், சேர்த்துச் சொன்னா ஓநாயா மாறுற மனுஷன், லூசியானா பிரெஞ்சுக்காரங்க பேச்சுல 'லூ' 'ரூ' ஆயிடுச்சு அவ்வளவுதான். எந்த பிரெஞ்சு அகராதியிலயும் லூ-கரூன்னு தேடிப் பாருங்க, கிடைக்கும். கதையும் பிரெஞ்சுக்காரங்களோட கத்தோலிக்க மதத்தைத்தான் ஒட்டி வருது, 7 வருஷம் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலம்) அனுசரிக்காத கத்தோலிக்கர் ரூகரூ ஆயிடுவாராம். வாசல்ல 13 காசு வச்சா 12க்கு மேல எண்ணத் தெரியாம விடியிற வரைக்கும் திரும்பத் திரும்ப எண்ணிட்டே நிக்குமாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது.