ஃபெர்கஸ் ஃபால்ஸில் இல்லாத பலகை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 14,000. 2016 அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் வென்ற பிறகு, அவருக்கு வாக்களித்த மக்களை அருகிலிருந்து அறிந்து எழுதுவதற்காக, ஜெர்மனியின் புகழ்பெற்ற வார இதழான டெர் ஷ்பீகல் தன் செய்தியாளர் கிளாஸ் ரெலோட்டியஸை அந்த ஊருக்கு அனுப்பியது. அவர் சில வாரங்கள் அங்கே தங்கினார். 2017 மார்ச்சில் அவருடைய நீண்ட கட்டுரை வெளியானது. ஊரின் நுழைவாயிலில் வரவேற்புப் பலகைக்குப் பக்கத்திலேயே, மெக்சிகோக்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்று எழுதிய இன்னொரு பலகை நடப்பட்டிருந்ததாக அதில் சொல்லியிருந்தார். அப்படியொரு பலகை அங்கே இருந்ததே இல்லை.

வெளிநாட்டு ஊடகங்கள் அமெரிக்க அரசியலை எப்படிக் காட்டுகின்றன என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகைதான் நினைவுக்கு வருகிறது. ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் பல ஆண்டுகள் இரவுப் பணியில் உலகச் செய்திகளை மொழிபெயர்த்தவன் நான். அதனால் இந்த விஷயத்தை எட்ட நின்று பார்க்க என்னால் முடிவதில்லை.

அந்தக் கட்டுரையில் பலகை ஒன்று மட்டும் பொய்யாக இருந்திருந்தால், எங்கோ தவறாகப் பார்த்துவிட்டார் என்று கடந்து போயிருக்கலாம். டிராகன்கள் குடியிருப்பதைப் போன்ற இருண்ட காட்டின் வழியே பேருந்து ஊருக்குள் நுழைவதாக எழுதியிருந்தார். உண்மையில் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளைக் கொண்ட கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) உள்ள திறந்த புல்வெளிப் பகுதி. இளம் வயது நகர நிர்வாகியைப் பற்றி, அவர் இடுப்பில் துப்பாக்கியோடு அலுவலகம் வருகிறவர், கடலைப் பார்த்தே இராதவர், எந்தப் பெண்ணோடும் பழகாதவர் என்றெல்லாம் எழுதினார். அந்த நிர்வாகி தன் காதலியோடு கடற்கரையில் நிற்கும் புகைப்படம் பின்னர் வெளியானபோது, அதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதரின் வாழ்க்கையையே அவருக்குத் தெரியாத மொழியில், அவர் பார்க்கவே வாய்ப்பில்லாத ஓர் இதழில் மாற்றி எழுதிவிட முடியும் என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

அந்த ஊர்க்காரர்கள் இருவர் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, 2018 டிசம்பரில் பொய்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள். அதே வாரத்தில் ஷ்பீகலும், தன் செய்தியாளர் பல கட்டுரைகளில் மனிதர்களையும் உரையாடல்களையும் கற்பனையாகச் சேர்த்திருக்கிறார் என்று ஒப்புக்கொண்டது. உடன் பணியாற்றிய ஹுவான் மொரேனோ முதலில் சந்தேகத்தைச் சொன்னபோது மேலதிகாரிகள் நம்பவில்லை. அவர் தன் கைக்காசைச் செலவழித்து அமெரிக்காவுக்குப் போய், அவர்கள் இருவரும் சேர்ந்து எழுதிய வேறொரு கட்டுரையில் வருபவர்களை நேரில் சந்தித்து, ரெலோட்டியஸ் தங்களைப் பார்க்கவே இல்லை என்று அவர்கள் சொன்னதைப் பதிவு செய்துகொண்டு வர வேண்டியிருந்தது.

உண்மை சரிபார்ப்புக்கென்றே பெரிய தனிப் பிரிவு வைத்திருக்கும் இதழ் அது. அப்படியிருந்தும் இது எப்படி நடந்தது? ஆண்டு, பெயர், பதவி போன்றவற்றை அலுவலகத்தில் உட்கார்ந்தே சரிபார்த்துவிடலாம். தொலைவில் உள்ள ஒரு சிற்றூரின் நுழைவாயிலில் செய்தியாளர் கண்ணால் கண்டதாகச் சொல்வதைச் சரிபார்ப்பது கடினம் என்பது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். டிரம்புக்கு வாக்களித்த ஊர் இப்படித்தான் இருக்கும் என்று ஹாம்பர்க்கில் இருந்த அந்த இதழின் ஆசிரியர்களும் ஜெர்மனி முழுவதும் இருந்த வாசகர்களும் ஏற்கெனவே நம்பியிருந்தார்கள். வந்து சேர்ந்த கட்டுரை அந்த நம்பிக்கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாக இருந்தது. எதிர்பார்த்ததைச் சொல்லும் செய்தியை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றாது. அப்படியொரு செய்தி மேசையில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

2016-இல் நாங்களும் அதைத்தான் செய்தோம். அந்த ஆண்டு முழுவதும் செய்தி நிறுவனங்கள் அனுப்பிய தேசிய அளவிலான கருத்துக்கணிப்புகளை வாரந்தோறும் மொழிபெயர்த்து, ஹிலாரி கிளின்டன் முன்னிலை என்று தலைப்பிட்டோம். அமெரிக்க அதிபரை மாகாணவாரியான தேர்வாளர் குழுதான் (ஒவ்வொரு மாகாணத்திலும் வெல்பவருக்கு அங்கிருந்து கிடைக்கும் பிரதிநிதிகள்) தேர்ந்தெடுக்கிறது என்பதை ஒரே ஒரு முறை, பக்கத்தின் அடியில், சிறு பெட்டிச் செய்தியாகப் போட்டோம். முடிவு வந்த நாளில் இங்கே ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்திருந்ததால் விளக்கம் எழுத இடமே கிடைக்கவில்லை. டிசம்பரில் இறுதிக் கணக்கை வெளியிட்டபோது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "ஏன் தம்பி, இருபத்தெட்டு லட்சம் ஓட்டு கூடுதலா வாங்கினவங்க தோத்துட்டாங்கன்னு போட்டிருக்கீங்களே, அச்சுப் பிழையா?" என்று கேட்டார். பிழை இல்லை ஐயா என்று சொல்லி, மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாகாணங்களில் மொத்தம் சுமார் 78,000 வாக்குகள்தான் முடிவைத் தீர்மானித்தன என்று விளக்கினேன். "இதைத் தேர்தலுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் கேட்டது நியாயம்.

பிபிசியில் நடந்ததும் இதோடு சேர்ந்ததுதான். 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆற்றிய உரையில், நாடாளுமன்றக் கட்டடத்துக்கு நடந்து போவோம் என்று அவர் சொன்ன பகுதியையும், ஐம்பது நிமிடங்களுக்கு மேல் கழித்து ஆவேசமாகப் போராடுவோம் என்று சொன்ன பகுதியையும், ஒரே மூச்சில் சொன்னதைப் போலத் தோன்றும்படி ஒட்டி, 2024 அக்டோபரில் பனோரமா நிகழ்ச்சியில் ஒளிபரப்பினார்கள். அமைதியான முறையில் குரல் கொடுங்கள் என்று அவர் சொன்ன பகுதி இடம்பெறவில்லை. 2025 நவம்பரில் இது வெளியே வந்தபோது தலைமை இயக்குநர் டிம் டேவியும், செய்திப் பிரிவின் தலைவர் டெபோரா டர்னஸும் பதவி விலகினார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. அன்றைய தினம் வன்முறைக் கும்பல் நாடாளுமன்றத்துக்குள் புகுந்ததற்கு ஒட்டு வேலை தேவைப்படாத சாட்சியங்கள் ஏராளமாக இருக்கின்றன. அந்த வன்முறையைத் தூண்டியதாக டிரம்ப் மீது பிரதிநிதிகள் சபை பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. செனட் சபையில் தேவையான 67 வாக்குகள் கிடைக்காவிட்டாலும், அவருடைய சொந்தக் கட்சியினர் ஏழு பேர் உட்பட 57 பேர் அவரைக் குற்றவாளி என்றார்கள். இவ்வளவு கனமான உண்மை கையில் இருக்கும்போது அதைக் கூர்மையாக்கப் போய், அந்த உண்மையின் மீதே சந்தேகம் விழ இடம் கொடுத்துவிட்டார்கள்.

நம் ஊடகங்களும் அமெரிக்கர்களுக்கு வெளிநாட்டு ஊடகங்கள்தான். 2024 தேர்தலின்போது மன்னார்குடிக்கு அருகில் உள்ள துளசேந்திரபுரத்தில், கமலா ஹாரிஸின் தாத்தா பிறந்த ஊரில், கேமராக்கள் குவிந்தன. கோயிலில் நன்கொடையாளர்கள் வரிசையில் அவருடைய பெயர் பொறித்த கல்லும், அவருக்காக நடந்த சிறப்பு பூஜையும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டன. அந்த ஊர் மக்களின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. அது உண்மையான பாசம், செய்தியாக வேண்டியதும்தான். ஆனால் பென்சில்வேனியாவில் மளிகைச் சாமான் விலையைப் பற்றி மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு நேரமாவது கிடைத்திருந்தால், அவர் இழுபறி மாகாணங்கள் ஏழிலும் தோற்று, தேர்வாளர் குழு வாக்குகளில் 312-க்கு 226 என்ற கணக்கில் பின்தங்கியபோது நம் நேயர்கள் அவ்வளவு திகைத்திருக்க மாட்டார்கள்.

வரும் 2026 நவம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் தேர்தல் நடக்கிறது. டிரம்பின் பெயர் எந்த வாக்குச்சீட்டிலும் இருக்காது. ஆனாலும் அவருடைய முகத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத பக்கங்களையே நாம் அச்சடிப்போம் என்று அஞ்சுகிறேன். செய்திப் பிரிவுகளில் இன்று பணியில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். அந்த வாரத்தில் ஒரே ஒரு தொகுதியையாவது எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே யார் போட்டியிடுகிறார்கள், முக்கியத் தொழில் எது, எந்தப் பிரச்சினைக்காக மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதை அந்தப் பகுதியின் உள்ளூர்ப் பத்திரிகையைப் படித்து எழுதுங்கள். இணையத்தில் அது கிடைக்கிறது. மின்னசோட்டாவில் அன்றைக்கு ஆளுநர் தேர்தலும் நடக்கிறது. ஃபெர்கஸ் ஃபால்ஸ்காரர்களும் வாக்குச்சாவடிக்கு வருவார்கள்.