கசிவு எங்கே என்று தெரியாமல் கெமிக்கல் எதற்கு?

புரட்டாசி பிறந்துவிட்டால் சென்னைப் புறநகரில் காலை நாளிதழை உதறினாலே துண்டறிக்கைகள் விழுகின்றன. மொட்டை மாடி நீர்க்கசிவா, ஒரே நாளில் தீர்வு, பத்து ஆண்டு உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே ஒரு கைபேசி எண். முகவரி இருக்காது. ஐப்பசியில் மழை பிடித்து, படுக்கையறைக் கூரையில் ஈரத் திட்டு தெரிந்ததும் நாம் அந்தத் தாளைத் தேடி எடுப்போம் என்று அச்சடித்தவருக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுப் பழுது வேலையில் நாம் ஏமாறுவது பெரும்பாலும் விலையில்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழுது என்ன என்று கண்டுபிடிக்கும் வேலையை யாருமே செய்யாமல், நாடி பிடிக்காமலே மருந்து கொடுப்பதில்தான் ஏமாற்று தொடங்குகிறது. வந்தவர் அண்ணாந்து பார்ப்பார், உச்சுக் கொட்டுவார், சதுர அடிக்கு இவ்வளவு என்பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவரும் சொல்லமாட்டார், நாமும் கேட்பதில்லை. விலையைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டதில் நமக்கு ஒரு திருப்தி.

என் சித்தி நங்கநல்லூரில் இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். வயதான பெண்மணி தனியாக இருக்கும் வீடு என்றால் இந்தத் தொழிலில் சிலருக்கு மூக்கு வியர்க்கும். "அம்மா, தளம் முழுவதும் ஊறிவிட்டது, இந்த மழைக்குத் தாங்காது" என்று ஒருவர் பயமுறுத்தி, மாடி முழுவதும் கசிவைத் தடுக்கும் கெமிக்கல் பூச்சு அடிக்க 1,400 சதுர அடி, சதுர அடிக்கு 65 ரூபாய், மொத்தம் 91,000 என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பாதியை முன்பணமாகக் கேட்டார்.

சித்தி கெட்டிக்காரி. பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கொத்தனாரை மாடிக்கு அழைத்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். அவர் கூரையைப் பார்க்கவே இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "சித்திரை, வைகாசியிலும் இந்த ஈரம் இருந்ததா?" இருந்தது. வெயில் கொளுத்திய மாதங்களிலும் காயவில்லை. "அப்படியானால் இது மழைத் தண்ணீர் இல்லையே அம்மா" என்று சொல்லிவிட்டு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார்.

நம் வீடுகளில் மோட்டாரை நிறுத்தும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால்தான் ஓடிப்போய் நிறுத்துவோம். தொட்டியின் வழிகுழாய் அரையடி நீட்டிக்கொண்டு நின்றது. தினமும் காலையில் அதிலிருந்து கொட்டும் தண்ணீர் தட்டோட்டின் மேல் ஒரே இடத்தில் விழுந்து, அங்கே இணைப்புக் கலவை அரித்துப்போய், விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். கொத்தனார் ஒரு குச்சியை அதில் செருகிக் காட்டினார், ஈரமாக வெளியே வந்தது. ஈரத் திட்டு இருந்ததோ அதற்கு நேர் கீழே அல்ல, ஏழெட்டு அடி தள்ளி. தட்டோட்டுக்குக் கீழே இருக்கும் செங்கல் ஜல்லித் தளம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கான்கிரீட்டில் எங்கே பலவீனம் இருக்கிறதோ அங்கே இறக்கிவிடும். ஆகவே திட்டுக்கு நேர் மேலே பூசுவதில் பெரும்பாலும் பயன் இல்லை.

வழிகுழாயை வடிகுழாயின் வாய் வரை நீட்டி, அந்தப் பகுதியில் இணைப்புகளைச் சுரண்டிப் புதிதாகக் கலவை அடைத்தார்கள். தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி ஒன்றையும் பொருத்தினோம். முழுச் செலவும் அந்த முன்பணத்தில் சிறு பங்குகூட ஆகவில்லை. 91,000 ரூபாய்க்கு மாடி முழுவதும் கெமிக்கல் அடித்திருந்தாலும் தொட்டி அதே இடத்தில் தினமும் கொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இன்னொரு கணக்கும் அன்று வெளியே வந்தது. டேப் வைத்து அளந்தோம். மாடி 40 அடிக்கு 25 அடி, அதாவது 1,000 சதுர அடி. கைப்பிடிச் சுவரின் அடியில் ஓரடி உயரத்துக்குப் பூச்சு ஏற வேண்டும், அதற்குச் சுற்றளவு 130 அடி. கூட்டினால் 1,130. அவர் எழுதியது 1,400. மீதி 270 சதுர அடி எந்த வீட்டின் மாடி என்று தெரியவில்லை.

ஆகவே யாரையும் அழைப்பதற்கு முன் நாமே செய்யக்கூடிய சோதனைகளைச் செய்துவிடுவது நல்லது. மழைக்காலத்தில் மட்டும் ஈரமென்றால் மாடி அல்லது வெளிச்சுவர். ஆண்டு முழுவதும் ஈரமென்றால் குழாய், குளியலறை, தொட்டி. இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தொட்டியில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு அரைமணி நேரம் யாரும் தொடாமல் விட்டால், உள்ளே கசிவு இருந்தால் நிறம் கீழே பீங்கானில் தெரிந்துவிடும். மாடியைத்தான் சந்தேகிக்கிறீர்கள் என்றால், வெயில் காலத்தில் வடிகுழாயைத் துணியால் அடைத்து, ஒரு பகுதியில் மட்டும் மணல் வரப்புக் கட்டி ஓரிரு அங்குலம் தண்ணீர் தேக்கி, ஒரு நாள், இரண்டு நாள் கீழே கவனியுங்கள். ஏற்கெனவே கம்பி தெரிகிற பழைய கூரையில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

மாடிக்குப் பூச்சு உண்மையிலேயே தேவைப்படும் வீடுகளும் உண்டு. அங்கே நடக்கும் ஏமாற்று பக்கெட்டில் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு, எத்தனை கை, அதாவது எத்தனை முறை அடிக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்பதை நல்ல நிறுவனங்கள் பக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். இரண்டு கைக்கு லிட்டருக்கு 20 சதுர அடி என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடிக்கு 50 லிட்டர் வேண்டும். 20 லிட்டர் பக்கெட் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறவர் மீதியை உங்கள் வீட்டுக் குழாயிலிருந்துதான் பிடிக்கப் போகிறார். பக்கெட் முத்திரை உடையாமல் வருகிறதா, உங்கள் கண்முன் திறக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பேரெடுத்த நிறுவனத்தின் காலி பக்கெட்டில் வேறு எதையோ நிரப்பிக்கொண்டு வருவது பழைய வித்தை.

வெள்ளை வெளேர் என்று ஒரு பூச்சு வருகிறதே, வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிரவைக்கும் என்று. அது நல்ல பொருள்தான். ஆனால் வெப்பத்தைத் தடுப்பது வேறு, தண்ணீரைத் தடுப்பது வேறு. முன்னதைப் பின்னது என்று சொல்லி விற்கிறார்கள்.

பழைய தளத்தின் மேலேயே ஓரங்குலம் சிமெண்ட் கலவை போட்டுப் புதுத் தட்டோடு பதித்துவிடலாம் என்று ஒரு யோசனை வரும். பழையதை உடைத்து அள்ளும் கூலி மிச்சம் என்று நாமும் தலையாட்டுவோம். ஆயிரம் சதுர அடிக்கு ஓரங்குலக் கலவை என்பது ஏறத்தாழ ஐந்து டன். அதன் மேல் ஓட்டின் எடை வேறு. முப்பது ஆண்டுப் பழைய கூரையின் தலையில் இதை ஏற்றுவதற்கு முன் ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்க வேண்டாமா? அவருடைய கட்டணம் வீண் செலவு என்று நினைக்கும் மனிதர்களே கெமிக்கலுக்கு லட்சம் கொடுக்கிறார்கள்.

பொறியாளர் கட்டாயம் தேவைப்படுவது கூரையின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி தெரியும்போதுதான். துருப்பிடித்த கம்பி பருத்துவிடும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து விழுகிறது. ஒருநாள் வேலையாக வருகிறவர் அந்தக் கம்பியின் மேலேயே சிமெண்டை அப்பி, சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போய்விடுவார். பார்க்க அழகாக இருக்கும். உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கம்பியைச் சுற்றிலும் கொத்தி, பின்புறம் வரை வெளிப்படுத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதற்கென உள்ள கலவையால் மூட வேண்டும். ஒரு மரக்கட்டையால் கூரையை ஆங்காங்கே தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும் இடம் நன்றாக இருக்கிறது. பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தில் காரை உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அந்த அறையில் தொட்டில் கட்டாதீர்கள்.

ஏசியில் நடப்பதும் இதே கதைதான். குளிரவில்லை என்று அழைத்தால் கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்பார்கள். அது அடுப்பு கேஸ் மாதிரி எரிந்து தீர்ந்துபோகும் சரக்கு அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையில் மறுபடியும் அதே பில். பல நேரம் கேஸ் சரியாகவே இருக்கும், வடிகட்டியில் தூசி அடைத்திருக்கும். அதைக் கழற்றிக் குழாயடியில் கழுவ யாருடைய தயவும் வேண்டாம்.

இப்படிப்பட்டவர்களைத் தேட வேண்டிய தேவையே வராமல் பார்த்துக்கொள்ளும் வேலைகள் எல்லாம் சில்லறை வேலைகள். ஆவணியில் ஒருமுறை மாடிக்கு ஏறி வடிகுழாய் வாயில் அடைத்த சருகுகளை அள்ளிப் போடுங்கள். சுவர் விரிசலில் அரசங்கன்று இரண்டு இலை விட்டிருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். கிள்ளிவிட்டால் போதாது, அடுத்த ஆண்டு அது சுவரைப் பிளக்கும். பூந்தொட்டிகளைத் தட்டோட்டின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், டிஷ் பொருத்த வருகிறவர், ஏசி வெளிப்பெட்டி வைக்கிறவர், சூரியத் தகடு போடுகிறவர், இவர்கள் மாடியில் துளை போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அவர்கள் போட்டுவிட்டுப் போகும் நாலு போல்ட்டு ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீருக்கு நாம் கட்டடம் கட்டியவரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

காலமும் முக்கியம். பூச்சு பிடிக்கக் காய்ந்த தளம் வேண்டும். மழைக்கு நடுவே இரண்டு நாள் வெயில் அடித்ததும் அவசரமாக அடித்துவிட்டுப் போனால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மேலே வரும்போது பூச்சு கொப்புளமாக எழும்பி உரிந்துவிடும். 2015 டிசம்பர் மழைக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் கேட்ட பணத்தைக் கொடுக்கத் தயாராக இருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மாசியில் அழைத்தால் நல்ல கொத்தனாருக்கு நேரமும் இருக்கும், நமக்கு நிதானமும் இருக்கும்.

ஒப்பந்தக்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. மூன்று பேரிடம் விலை கேட்டு, மிகக் குறைவாகச் சொன்னவரை இன்னும் ஐந்து ரூபாய் குறை என்று நெருக்கினால், அவர் அந்த ஐந்து ரூபாயைப் பக்கெட்டில்தான் குறைப்பார். 50 லிட்டர் வேண்டும் என்று சரியாகக் கணக்குச் சொன்ன நேர்மையானவர் அந்தப் போட்டியில் தோற்று வீட்டுக்குப் போயிருப்பார். பொருளை நாமே கடையில் வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் தனியாகப் பேசினால் இந்தச் சங்கடம் பெருமளவு தீரும்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசிப் பங்கு, தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகு. என்ன வேலை, எந்தப் பொருள், எத்தனை கை, எத்தனை சதுர அடி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உத்தரவாதம் தருகிறேன் என்றால் யார் தருகிறார், அவர் முகவரி என்ன என்பதும் அதில் இருக்கட்டும். பொருளுக்கு நிறுவனம் தரும் உத்தரவாதத்தைத் தன் வேலைக்கான உத்தரவாதம் போல் பேசுவார்கள், இரண்டும் வேறு. ஜிஎஸ்டி சேர்த்து வாங்கினால் பில்லில் 15 இலக்க எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் பெயர் வந்துவிடும். சிறிய கொத்தனார்களுக்குப் பதிவு தேவைப்படாமல் இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு பைசா வாங்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதுவும் சேவைக் குறைபாடுதான். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல் நாமே வாதாடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே முதலில் பில்லைத்தான் கேட்பார்கள். பில் இல்லாமல் கொடுத்தால் வரி மிச்சம் என்று அவர் ஆசை காட்டும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.