முந்துகிறவருக்குத்தான் பொறுப்பு

அந்தக் காணொளியை இதற்குள் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை நான் மறுபடி பகிரப்போவதில்லை. பின்னாலிருந்து "நகருங்க, நகருங்க" என்ற கூச்சல், பதறிப்போய் ஈர வேரில் சைக்கிள் சக்கரம் வழுக்கி விழும் பெண், அதற்குமேல் ஒட்டிவைத்த சிரிப்பொலி. விழுந்தவர் என் அலுவலகத் தோழி. சிங்கப்பூரின் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் உள்ள மலைச் சைக்கிள் தடங்களுக்கு அவரை முதன்முதலாக அழைத்துச் சென்றவன் நான் என்பதால், நடுநிலையாக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன்.

ஒற்றையடித் தடத்தில் முந்துகிறவருக்குத்தான் பொறுப்பு. முன்னால் போகிறவருக்கு முதுகில் கண் கிடையாது. 1988-இல் தொடங்கிய பன்னாட்டு மலைச் சைக்கிளோட்டச் சங்கமான இம்பாவின் தட விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், முந்தும்போது பாதுகாப்பாகவும் மரியாதையாகவும் முந்த வேண்டும், இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும்.

"குரல் கொடுத்தாரே, அது போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் வந்து கத்துவதற்குப் பெயர் குரல் கொடுப்பதா? தொலைவிலேயே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, "வலப்பக்கம் வருகிறேன்" என்று சொல்லி, முன்னால் போகிறவர் ஒதுங்க இடம் கிடைக்கும்வரை காத்திருப்பதே குரல் கொடுப்பது. ஆறாயிரம் வெள்ளிக்கு வண்டி வாங்குகிறவர்களுக்குப் பத்து வெள்ளி மணி மட்டும் பாரமாகிவிடுவது எனக்கு விளங்கவே இல்லை.

"கற்றுக்குட்டிகள் கறுப்பு வைரத் தடத்துக்கு வரலாமா?" என்பதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்; கறுப்பு வைரம் என்பது கடினமான தடத்தின் குறி. ஆனால் தோழி விழுந்தது நீலச் சதுரக் குறியிட்ட நடுத்தரத் தடத்தில். அதற்குமேல் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நானும் யோக்கியனல்ல. சில ஆண்டுகளுக்கு முன் புலாவ் உபின் தீவின் கெத்தாம் மலைச் சைக்கிள் தடத்தில், காதில் பாட்டு ஒலிக்க, ஒரு வளைவில் கண்மண் தெரியாமல் இறங்கினேன். வளைவுக்கு அப்பால் ஒரு பெரியவர் கழன்ற சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். பின்பிரேக்கைப் பிடித்த பிடியில் சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி சறுக்கி, அவர் கால்மாட்டில் போய் நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை, "அடி பட்டுச்சா தம்பி?" என்று கேட்டார். அன்றிலிருந்து, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் நான் எந்த வளைவிலும் இறங்குவதில்லை.

அப்படிப் பூட்டிக்கொண்ட சக்கரம் கிழித்துவிட்டுப் போகும் பள்ளத்தில்தான் மழைநீர் இறங்கி மண்ணை அரிக்கிறது. சேற்றுக்குட்டைக்குப் பயந்து ஓரமாகச் சுற்றிப்போகிறவர்களும் தடத்தை வருடந்தோறும் அகலப்படுத்திக்கொண்டே போகிறார்கள். செஸ்ட்நட்டில் நடையர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனிப் பாதை போட்டு, 81 ஹெக்டரில் நமக்கென்று ஒரு காட்டோரம் கிடைத்திருக்கிறது. நாம் அங்கே நடந்துகொள்கிற அழகு இது.

"அங்கிள், பூங்காவில் வாக்கிங் போங்க" என்று பின்னூட்டமிட்ட தம்பிக்கு: ஐம்பத்திரண்டு வயது குற்றமில்லை. நான் உங்களைவிட மெதுவாகத்தான் ஓட்டுகிறேன், ஆனால் என்னால் இதுவரை யாரும் விழுந்ததில்லை. விழுந்தவரைத் தூக்காமல் கேமராவை ஓடவிட்ட வேகம் எனக்கு வேண்டவும் வேண்டாம்.

தோழியின் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். வண்டியை விற்றுவிடப் போவதாகச் சொன்னவரை, கட்டுப் பிரிக்கும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் அந்தச் சிரிப்பொலியையாவது நீக்கிவிடுங்கள்.