என் அம்மாவைத் தமிழில் அழைக்க என்ன தயக்கம்?

பொங்கலுக்கு முந்தைய நாள், பினாங்கு லிட்டில் இந்தியாவில் மஞ்சள் கொத்து வாங்க அம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். கடையிலிருந்த இளைஞர் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மலாயில் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் தமிழில், "சீனத்திக்கு என்ன தெரியப்போவுது, நேத்து வந்த கொத்தையே குடு" என்றார். அம்மா அந்தக் கொத்தைத் திருப்பி, ஈரத்தில் கறுத்துப்போயிருந்த கிழங்கை நகத்தால் கிள்ளிக் காட்டி, "தம்பி, இது அழுகிப்போச்சு. பானையில கட்டணும்பா, வேற எடு" என்றார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, "ஆன்ட்டி, எப்படி இவ்ளோ நல்லாத் தமிழ் பேசுறீங்க?" என்று வியந்தார். அந்த வசையைவிட இந்தப் பாராட்டுதான் என் வயிற்றை எரித்தது. தாய்மொழியைப் பேசியதற்காக ஒருவரைப் பாராட்டுவது அவரை அந்நியர் என்று சொல்வதில்லையா?

அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு சீனக் குடும்பத்திலிருந்து என் பாட்டியின் மடிக்கு வந்தவர். இது ஒன்றும் எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயமன்று. வறுமையாலும், ஜாதகம் ஒத்துவரவில்லை என்ற நம்பிக்கையாலும் கொடுக்கப்பட்ட எத்தனையோ சீனப் பெண் குழந்தைகளை மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் தத்தெடுத்துக் காது குத்தி, பொட்டு வைத்து வளர்த்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பாட்டியோ பெரியம்மாவோ நம்மில் பலருக்கு உண்டு. இருந்தும் கோவில் வாசலில் அம்மாவை நிறுத்தி, காலணியைக் கழற்றச் சொல்லி ஆங்கிலத்தில் விளக்குகிறோம்.

பல நூற்றாண்டுகளுக்கு முன் மலாக்காவில் குடியேறி, உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டி மக்களைப் பாருங்கள். 1781-இல் ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோவிலை எழுப்பிய சமூகத்தைச் சேர்ந்த அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். அவர்களில் ஒருவரிடம் முகத்தை நம்பித் தமிழில் பேசினால் விழிப்பார். மலாய்க்காரர் யார் என்று வரையறுக்கும் கூட்டரசு அரசமைப்பின் 160-ஆம் விதிகூட சமயம், மொழி, வழக்கம், பிறப்பிடம் ஆகியவற்றைச் சொல்கிறதே ஒழிய, கண்ணின் வடிவத்தையோ தோலின் நிறத்தையோ சொல்லவில்லை. சட்டமே பார்க்காத முகத்தைக் கடைக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஏன் அளந்து பார்க்க வேண்டும்?

வாடகை வீடு தேடும்போதும், மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்ற கட்டங்களைக் கொண்ட படிவத்தை நீட்டும்போதும் மற்ற இனத்தவர் நம்மை முகத்தால் எடை போடுகிறார்கள் என்று கொதிக்கிறோம். நியாயமான கொதிப்புதான். ஆனால் அதே தராசை நம் கடையிலும் நம் கோவிலிலும் நாமே தூக்கிப் பிடிக்கிறோமே!

அன்று நான் அந்த இளைஞரிடம் குரலை உயர்த்தினேன். அம்மா என் கையைப் பிடித்து, "விடும்மா, எனக்குப் பழகிப்போச்சு" என்றார். 68 வயதில், சொந்த ஊரில், சொந்த மொழியில் அவர் எதற்காக இதற்குப் பழக வேண்டும்? கடைக்கு வருபவரின் முகம் எப்படி இருந்தாலும் முதலில் "வாங்கம்மா" என்று தமிழில் அழையுங்கள். தமிழ் புரியாதவர் என்றால் அதை அவரே சொல்லிவிடுவார்.