ஜிகா ஃபேக்டரி என்ற சொல்லை நம்பி பேட்டரி ஷேர் வாங்குபவர்களுக்கு

மதுரையில் ஷேர் பேசாத டீக்கடை இப்போது குறைவு. தல்லாகுளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் வில்லாபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற தம்பியும் டிமேட் கணக்கு வைத்திருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பேட்டரி கம்பெனி, ஜிகா ஃபேக்டரி (பேட்டரி செய்கிற மாபெரும் ஆலை) என்று பேச்சு வந்தால் மட்டும், மளிகைக்கடைச் சீட்டைக்கூட இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறவர்கள் கணக்கே பார்க்காமல் பணத்தைப் போடுகிறார்கள். "இனிமே எல்லாம் எலெக்ட்ரிக் வண்டிதான், அப்ப பேட்டரி செய்றவனுக்குத்தானே காசு?" என்பார்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொருளுக்குக் கிராக்கி கூடுவது வேறு, அதைச் செய்பவனுக்கு லாபம் கூடுவது வேறு. மல்லிகை விளைகிற ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூ கொட்டுகிற மாதத்தில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் என்ன விலை போகும் என்று தெரியாதா?

எலெக்ட்ரிக் வண்டியில் இருக்கிற லித்தியம் பேட்டரியின் விலையைப் பாருங்கள். 2010 வாக்கில் ஒரு யூனிட் மின்சாரம் (அதாவது ஒரு கிலோவாட் மணி) பிடிக்கிற பேட்டரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2024இல் ப்ளூம்பெர்க் ஆய்வுக் குழு கணக்கிட்ட சராசரி 115 டாலர். அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 20 சதவீதம் இறக்கம். ஸ்கூட்டர் வாங்குபவருக்கு இது கொண்டாட்டம். இன்று கடன் வாங்கி ஆலை கட்டி, மூன்று வருடம் கழித்து விற்கப் போகிறவனுக்கு? அவன் திட்டம் போட்ட விலை, பொருள் வெளியே வரும்போது இருக்காது. உலகத்தின் பேட்டரி செல்களில் (பல செல்கள் சேர்ந்ததுதான் ஒரு பேட்டரி) முக்கால் பங்குக்கு மேல் சீனாவில் தயாராகிறது. அவர்களோடு விலையில் மோத வேண்டும்.

ஸ்வீடனின் நார்த்வோல்ட் பேட்டரி கம்பெனிக்கு ஐரோப்பாவே பின்னால் நின்றது. பெரிய கார் கம்பெனிகளின் ஆர்டர் கையில் இருந்தது, பணமும் பல ஆயிரம் கோடிக் கணக்கில் வந்தது. ஆலையில் நல்ல செல்லைப் போதுமான அளவு எடுக்க முடியவில்லை. 2025 மார்ச்சில் திவால். செல் செய்வதில் உண்மையான கஷ்டம் இதுதான். ஆரம்ப வருடங்களில் கழிவாகப் போகிற செல் நிறைய, அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டுதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் வைத்திருப்பது எக்ஸைடும் அமர ராஜாவும். இரண்டும் பழைய, ஒழுங்கான கம்பெனிகள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கீழவாசல் பக்கம் ஒரு பேட்டரி கடையில் அரை மணி நேரம் நின்று பார்த்தாலே அவர்கள் பலம் புரியும். கார் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் பெரும்பாலும் ஈய பேட்டரிகள், மூன்று நான்கு வருடத்தில் மாற்ற வேண்டியவை. பழசைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள், அந்த ஈயம் உருகித் திரும்பப் புதுப் பேட்டரியாக வரும். கம்பெனிக்குச் சோறு போடுவது இந்த வியாபாரம்தான். எலெக்ட்ரிக் காரிலும் விளக்கு, லாக் போன்றவற்றுக்கு 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு, பெரும்பாலும் அதுவும் ஈயம்தான். அதனால் ஈய பேட்டரி நாளைக்கே செத்துவிடும் என்று பயமுறுத்துபவர்களையும் நம்ப வேண்டாம்.

சரி, இந்த ஈய வியாபாரம் சம்பாதிக்கிற பணம் எங்கே போகிறது? லித்தியத்துக்கு. எக்ஸைடு பெங்களூரு அருகே செல் ஆலைக்காக அதன் துணை நிறுவனத்தில் 3,000 கோடி ரூபாய்க்கு மேல் போட்டிருக்கிறது. அமர ராஜா தெலங்கானாவில் பத்து வருடத்தில் 9,500 கோடி என்று 2022இல் அறிவித்தது. இந்தப் பணம் என்ன வட்டி விகிதத்தில் திரும்பி வரும் என்பதுதான் ஷேர் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி. வாட்ஸ்அப் குழுக்களில் எவ்வளவு பெரிய ஆலை என்று மட்டும்தான் பேசுகிறார்கள்.

பெரிய ஆலை என்றால் எவ்வளவு பெரியது? எக்ஸைடின் முதல் கட்டம் வருடத்துக்கு 6 ஜிகாவாட் மணி, அதாவது 60 லட்சம் யூனிட். ஒரு ஸ்கூட்டருக்கு 3 யூனிட் என்றால் 20 லட்சம் ஸ்கூட்டர். 2024-25இல் இந்தியா முழுக்க விற்ற எலெக்ட்ரிக் இருசக்கர வண்டிகளே சுமார் பதினொன்றரை லட்சம். ஆக ஸ்கூட்டரை மட்டும் நம்ப முடியாது. கார் கம்பெனிகளும் சோலார் மின்சாரத்தைச் சேமிக்கிற நிலையங்களும் வாங்கியாக வேண்டும். அவர்களோ விலையை நசுக்கித்தான் வாங்குவார்கள். அதனால் கையெழுத்தான ஆர்டர் யாரிடமிருந்து, எத்தனை வருடத்துக்கு என்று தேடுங்கள். "பேச்சுவார்த்தை நடக்கிறது" என்பதை ஆர்டராகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

"மானியம் இருக்கே" என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். 2021இல் மத்திய அரசு 18,100 கோடிக்குத் திட்டம் கொண்டுவந்தது உண்மைதான். விண்ணப்பித்த எக்ஸைடும் அமர ராஜாவும் தேர்வான பட்டியலில் இல்லை. தேர்வான ஓலா எலெக்ட்ரிக்கின் ஷேர் 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு வந்து, சில நாட்களில் இரட்டிப்பாகி, பிறகு வெளியீட்டு விலைக்கும் கீழே போனது. 150 ரூபாயில் ஏறியவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். பாவம், பலருக்கு அது மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம்.

காலாண்டு முடிவு வந்தால் லாபம் என்று இரண்டு கணக்கு வரும். கம்பெனியின் தனிக் கணக்கு ஒன்று, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு இன்னொன்று. லித்தியம் துணை நிறுவனத்தின் நஷ்டம் இரண்டாவதில்தான் ஏறும். தனிக் கணக்கின் லாபத்தை வைத்து ஷேர் மலிவு என்று சொல்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அப்புறம் ஆண்டறிக்கையில் ரொக்க வரவு செலவுப் பக்கம். தொழிலில் வந்த ரொக்கத்தையும் ஆலைக்குப் போன ரொக்கத்தையும் ஐந்து வருடத்துக்கு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இங்கிலீஷ் வராவிட்டாலும் எண்கள் புரியும். பிள்ளைகளை உட்கார வைத்துக் கேளுங்கள், அதில் கூச்சம் எதற்கு?

என்னிடம் இருக்கிற பேட்டரி ஷேர்களை நான் விற்கவில்லை. ஈய வியாபாரத்தின் லாபத்துக்கு நியாயமான விலையில் வாங்கியவை. லித்தியம் ஆலை ஒரு முழு வருடம் ஓடி, வெளி ஆட்களுக்கு விற்று, அந்தக் கணக்கு ஒருங்கிணைந்த அறிக்கையில் கண்ணுக்குத் தெரிகிற வரை ஒரு ஷேர்கூடக் கூடுதலாக வாங்கப் போவதில்லை. அதற்குள் விலை ஏறிப் போனால் போகட்டும்.