இது ரவிவர்மா வியன்னாவில் வரைந்த தன்னுருவ ஓவியமா?

"1873-இல் வியன்னா போனபோது ராஜா ரவிவர்மா தன்னைத்தானே வரைந்துகொண்டது" என்று ஒரு ஓவியம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அந்த ஆண்டு வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போனது அவருடைய ஓவியம்தான், அவரல்ல. அவர் கடல் தாண்டியதே இல்லை. அலைச்சலெல்லாம் உள்நாட்டில்தான்: சென்னை, மைசூர், பரோடா, உதய்ப்பூர் என்று அரண்மனை அரண்மனையாகப் போய் உருவப்படம் தீட்டினார்.

படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். தாடி நரைத்திருக்கிறது, 1848-இல் பிறந்தவருக்கு அப்போது வயது 25தான்! மார்பில் தொங்குவது கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம், பொதுச்சேவைக்காக ஆங்கிலேய அரசு இந்தியாவில் வழங்கிய விருது. அந்தப் பதக்கமே 1900-இல்தான் உருவாக்கப்பட்டது, அவருக்குக் கிடைத்தது 1904-இல். வெட்டப்படாத பிரதியின் மூலையில் இக்கால ஓவியர் ஒருவரின் கையெழுத்தும் இருக்கிறது. பகிர்கிறவர்கள் அதைத்தான் வசதியாக நறுக்கிவிட்டார்கள். மற்றபடி ஓவியத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, முகச்சாயல் நன்றாகவே வந்திருக்கிறது.