தப்பு பண்றதுக்குத்தான் சார் நாங்க ஃபீஸ் கட்டுறோம்

நர்ஸுங்களுக்கு இங்கிலீஷ் கோச்சிங் எடுக்குற ஒரு சார், கிளாஸ்ல ஒரு பொண்ணு திணறுனதை வீடியோவா எடுத்து காமெடியாப் போட்டிருக்காரே, அந்த ரீல்ஸ் பத்தி எதுவும் எழுத வேணாம்னுதான் இருந்தேன். ஆனா நேத்து எங்க காலேஜ் வாட்ஸப் குரூப்லயே ஒருத்தி, அதுவும் நர்ஸு, கண்ணுல தண்ணி வர சிரிக்கிற ஸ்மைலியா வரிசையா போட்டு அதை ஷேர் பண்ணியிருக்கா. அதுக்கு மேல வாயை மூடிட்டு இருக்க முடியல. லிங்க் போட மாட்டேன், போட்டா இன்னும் பத்து பேர் போய் பாப்பீங்க, அவருக்கு வியூஸ் ஏறும்.

அதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு இப்பவும் எனக்குப் புரியல. ஓஈடின்னா நர்ஸு, டாக்டருங்க வெளிநாட்டு வேலைக்காக எழுதுற இங்கிலீஷ் பரீட்சை. அதோட ஸ்பீக்கிங் மாக் டெஸ்ட். சார்தான் பேஷண்டோட அம்மா, குழந்தைக்கு காய்ச்சல்ல ஃபிட்ஸ் வந்துருச்சுன்னு அழுற மாதிரி நடிக்கிறாரு. அந்தத் தங்கச்சி ரெண்டு வாக்கியம் ஒழுங்காத்தான் சொல்லுது, மூணாவதுல திணறுது, திணறின பதட்டத்துல வாயில இருந்து "அழாதீங்கம்மா, டாக்டர் வந்துட்டே இருக்காங்க"ன்னு தமிழ்ல வந்துருது. அவ்ளோதான் நடந்தது. அதுக்கு வடிவேலு வாய்ஸ் ஒண்ணு, பின்னாடி கிளாஸே சிரிக்கிற சத்தம், மேல "இவங்கதான் நாளைக்கு லண்டன் போகப்போறாங்க"ன்னு கேப்ஷன்.

சார், தப்பு பண்றதுக்குத்தான் நாங்க உங்ககிட்ட ஃபீஸ் கட்டி வர்றோம். தப்பே பண்ணாதவ எதுக்கு டூட்டி முடிச்சு பஸ் புடிச்சு உங்க மாடிப்படி ஏறி வரணும்? வீட்ல இருந்தே எக்ஸாம் புக் பண்ணிட்டு போயிருப்பாளே. கோச்சிங் கிளாஸ்ங்கிறது தப்பு பண்ற இடம். அங்க உளறணும், திணறணும், தமிழ் வந்து நடுவுல விழணும். அங்க விழுந்தாதான் எக்ஸாம் ரூம்ல விழாது. இது உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?

இன்னொண்ணு. ஓஈடி ஸ்பீக்கிங்ல என்னென்ன பாத்து மார்க் போடுறாங்கன்னு அந்த சாருக்குத் தெரியாம இருக்காது, அதைத்தானே நடத்துறாரு. ரெண்டு ரோல்ப்ளே, ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம் போல, அதுக்கு முன்னாடி கார்டு படிச்சு யோசிக்க மூணு நிமிஷம். மார்க் போடும்போது உச்சரிப்பு புரியுதா, தடையில்லாம வருதா, இலக்கணம் எப்படின்னு பாக்குறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நோயாளியோட எப்படி ஒட்டுறீங்க, அவங்க பயம் என்னன்னு காது குடுத்துக் கேக்குறீங்களா, விஷயத்தை வரிசையா சொல்றீங்களான்னு அதுக்கும் தனியா மார்க் உண்டு. அந்தப் பொண்ணு அழுற அம்மாவைப் பாத்ததும் முதல்ல ஆறுதல் சொல்லிருக்கு. நர்ஸு பண்ண வேண்டியது அதைத்தான். அதை இங்கிலீஷ்ல சொல்ல வைக்கிறதுதான் சாரோட வேலை. அவரு வேலையை அவரு பண்ணல, அந்தப் பொண்ணு அவ வேலையை பண்ணிருச்சு. யாரைப் பாத்து யாரு சிரிக்கிறது?

வெளிநாடு போறவங்க எழுதுற இன்னொரு இங்கிலீஷ் டெஸ்ட் ஐஈஎல்டிஎஸ், அதையே எடுத்துக்கோங்க. ஸ்பீக்கிங்ல ஏழு பேண்டுக்கு (பேண்டுன்னா அதுல போடுற மார்க்) அவங்க வெளியிட்டிருக்கிற விளக்கத்துலயே சில இலக்கணத் தப்பு இருக்கத்தான் செய்யும்னு போட்டிருக்கு. படிச்சுப் பாருங்க, ஃப்ரீதான். ஏழுங்கிறது சின்ன மார்க் இல்ல, யுகேல நர்ஸா ரெஜிஸ்டர் பண்ண ஸ்பீக்கிங்ல கேக்குறதே அந்த ஏழுதான். அந்த ஏழு வாங்குறவனும் தப்பு பண்ணுவான்னு டெஸ்ட் நடத்துறவனே ஒத்துக்கிறான், டெஸ்டுக்கு டியூஷன் எடுக்குற நம்ம சாரு ஒத்துக்க மாட்டாராம். தமிழ் வாடையோட பேசுறதுக்கும் மார்க் குறைக்க மாட்டாங்க, எதிர்ல இருக்கிறவனுக்குப் புரியுதாங்கிறதுதான் கணக்கு. ஆனா நம்ம ஊர்ல அதுதான் முதல் ஜோக்கு.

ஐஈஎல்டிஎஸ்ஸுக்கு நான் படிச்ச இடம் திருநெல்வேலில ஒரு வீட்டு மாடி. ரிட்டயர் ஆன டீச்சரம்மா ஒருத்தங்க எடுத்தாங்க, பேரு வேணாம், அவங்களுக்குப் பிடிக்காது. உள்ள போனதும் வாசல்ல ஒரு பச்சைக் கலர் பிளாஸ்டிக் கூடை இருக்கும், காய்கறிக் கூடை. எல்லா போனும் அதுல. அவங்க போன்தான் முதல்ல விழும். நாங்க ரூல்ஸுன்னு நெனச்சோம். ஒருநாள் ஒரு பையன் டாய்லெட் போற சாக்குல போனை எடுத்துட்டு வந்து சும்மா விளையாட்டுக்கு யாரோ பேசுறதை ரெக்கார்டு பண்ணிட்டான். டீச்சரம்மா திட்டவே இல்ல. அன்னைக்கு கிளாஸ் முடிஞ்சதும் அவன் ஃபீஸை கவர்ல போட்டு கையில குடுத்து அனுப்பிட்டாங்க. "இவங்க இங்க தைரியமா தப்பா பேசுறாங்க, அது இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது"ன்னு மட்டும் சொன்னாங்க.

அந்த ரூம்ல நாங்க பண்ணாத அநியாயம் இல்ல. எங்க பேட்ச்ல ரைட்டிங்குக்கு எல்லாரும் இன்டர்நெட்ல கெடச்ச ஒரே முன்னுரையை மனப்பாடம் பண்ணி, தலைப்பு குப்பையா இருந்தாலும் விண்வெளியா இருந்தாலும் அதையே எழுதி வைப்போம். டீச்சரம்மா அந்தப் பத்தியை மொத்தமா அடிச்சிட்டு "இது உன் இங்கிலீஷ் இல்ல, இதுக்கு மார்க் வராது, நீயா நாலு வரி எழுது"ம்பாங்க. லிசனிங் ஒரு தடவைதான் ஓடும், பேரோட ஸ்பெல்லிங் சொல்றப்ப ஒரு எழுத்து ரெண்டு தடவை வரும்னு சொன்னா கோட்டை விட்டுட்டு முழிப்போம். கேம்பிரிட்ஜ் புக்கோட ஜெராக்ஸ், அதுலயும் முன்னாடி படிச்சவங்க பென்சில்ல விடை எழுதி அழிச்ச தடம் தெரியும், அந்த விடை தப்பாவும் இருக்கும். நைட் டூட்டி பாத்துட்டு வந்து ரீடிங் பாசேஜ் முன்னாடி தூங்கி விழுந்தவ எத்தனை பேரு. 40 கேள்வி, 60 நிமிஷம், விடைத்தாள்ல மாத்தி எழுத தனியா நேரம் கெடையாது. அந்த ரூம்ல யாராவது கேமரா வச்சிருந்தா நான் இன்னைக்கு இங்க இங்கிலாந்துல நர்ஸா இருந்திருக்க மாட்டேன். சத்தியமா சொல்றேன், அடுத்த நாளே நின்னிருப்பேன்.

இப்ப வருவாங்க. "முகத்தை பிளர் பண்ணித்தானே போட்டாரு"ன்னு. குரல்? அந்த பேட்ச்ல இருக்கிறவங்களுக்குக் குரல் தெரியாதா? வேலை பாக்குற ஆஸ்பத்திரியில தெரியாதா? வீட்ல தெரியாதா? நாளைக்கு அந்தப் பொண்ணு வார்டுக்குள்ள நுழையும்போது எவனாவது அந்த வடிவேலு வாய்ஸைப் போட்டுக் காட்டினா நீங்க போய் பிளர் பண்ணுவீங்களா?

"பெர்மிஷன் வாங்கிருப்பாங்க"ன்னு ஒரு அண்ணன் கமெண்ட் போட்டிருந்தாரு. சரிண்ணே. அட்மிஷன் ஃபார்ம்ல பொடி எழுத்துல விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்னு ஒரு வரி இருக்கும், அதுக்குக் கீழ கையெழுத்து. ஃபீஸ் பாதி கட்டியாச்சு, எக்ஸாம் தேதி அவங்கதான் போட்டுத் தரணும். அந்த நெலமையில சார் "சும்மா ஜாலிக்குமா"ன்னு கேட்டா மாட்டேன்னு சொல்ற தைரியம் உங்க தங்கச்சிக்கு இருக்கா?

அப்புறம் பெரிய கேள்வி, ரொம்ப அறிவாளியா கேக்குறவங்களோடது: "இங்கிலீஷ் புரியாத நர்ஸு மருந்து மாத்திக் குடுத்துட்டா என்ன பண்றது?" நியாயமான கேள்வி. நான் டெஸ்ட் வேணாம்னு சொல்லவே இல்ல. ஃபோன்ல டாக்டர் சொல்ற டோஸ் புரியணும், ஷிப்ட் மாறும்போது பேஷண்டு விவரம் சொல்லி ஒப்படைக்கிற ஹேண்டோவர் புரியணும், பதினஞ்சு மில்லிகிராமா ஐம்பதான்னு குழம்பக் கூடாது. அதுக்கு டெஸ்ட் வேணும், கடுமையாவே இருக்கட்டும். ஆனா அந்தப் பொண்ணு இன்னும் டெஸ்டே எழுதலயே. படிச்சிட்டு இருக்கு. படிச்சிட்டு இருக்கிறவளைப் புடிச்சு நாளைக்கு ஆளைக் கொன்னுருவான்னு சொல்றதுக்குப் பேரு அக்கறையா? நீச்சல் பழக வந்தவன் தண்ணி குடிச்சான்னு கரையில நின்னு கைதட்டுற மாதிரி இருக்கு.

சும்மாவா வருது அந்த ஐஈஎல்டிஎஸ் ஸ்கோரு? லிசனிங் எட்டு, ரீடிங் ஏழு, ஸ்பீக்கிங் ஏழு, ரைட்டிங் ஆறுன்னு வாங்குனா நாலுக்கும் சராசரி ஏழு. வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், அம்மா கோயிலுக்குப் போய்ட்டு வந்துருவாங்க. ஆனா யுகேல நர்ஸுங்களை ரெஜிஸ்டர் பண்ற கவுன்சிலுக்கு அது பத்தாது, ரைட்டிங்ல ஆறரை வேணும். 2018 கடைசி வரைக்கும் அதுலயும் ஏழு கேட்டாங்க. 2017ல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த, இங்கிலீஷே தாய்மொழியா இருக்கிற நர்ஸுங்களே இந்த டெஸ்ட்ல மாட்டிக்கிட்டதா பிரிட்டிஷ் பேப்பர்லயே வந்துச்சு. அந்த வருஷக் கடைசிலதான் ஓஈடியையும் ஏத்துக்கிட்டாங்க. தாய்மொழிக்காரங்க மாட்டுனா டெஸ்ட் மேல தப்பு, கமிட்டி போட்டுப் பேசணும். தென்காசிப் பொண்ணு மாட்டுனா ரீல்ஸ் போட்டு சிரிக்கணும். நல்லா இருக்குய்யா நியாயம்.

அந்த அரை மார்க்குக்கு மறுபடியும் ஃபீஸ். ஐஈஎல்டிஎஸ்ஸுக்கே ஆயிரக்கணக்குல, ஓஈடின்னா அதை விடவும் அதிகம். வாங்குன ஸ்கோரும் ரெண்டு வருஷத்துக்குத்தான் செல்லும், அதுக்குள்ள பேப்பர் ஒர்க் முடியலன்னா திரும்பவும் முதல்ல இருந்து. தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸுக்கு என்ன சம்பளம் தர்றாங்கன்னு இந்த வேலையில இருக்கிறவங்களைக் கேளுங்க. ரெண்டு மாச சம்பளத்தை வச்சு ஒரு தடவை எழுதுற பொண்ணுங்க இருக்கு.

"அப்படி கஷ்டப்பட்டு எதுக்கு வெளிநாடு, நம்ம ஊர்லயே சேவை செய்யலாமே" - இதைச் சொன்னவர் பிள்ளை கனடாவுல இருக்கு, அது வேற விஷயம். சேவை செய்யலாம் சார். 2015ல அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஒப்பந்தத்துல எடுத்த நர்ஸுங்களுக்கு மாசம் 7,700 ரூபா தொகுப்பூதியம். பெர்மனென்ட் பண்ணுங்கன்னு அவங்க ரோட்டுல உக்காந்தப்ப சேவையைப் பத்தி யாரும் வந்து பேசல. கொரோனால விளக்கேத்தி கை தட்டுனீங்க, அதையும் மறக்கல.

நான் இங்கிலீஷ் படிக்க ஆரம்பிச்சது லண்டனுக்காகவும் இல்ல. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். முதல் வேலையில ரவுண்ட்ஸ்ல ஒரு டாக்டர், தமிழ்க்காரர்தான், என்கிட்ட மட்டும் இங்கிலீஷ்ல கேப்பாரு. நான் பேஷண்டோட பிபி சார்ட், யூரின் அவுட்புட் எல்லாம் மனசுல வச்சிருப்பேன், வாயில வராது. பக்கத்துல நிக்கிற ஹவுஸ் சர்ஜன் பசங்களைப் பாத்து கண்ணடிப்பாரு. அந்த பேஷண்டுக்கு அன்னைக்கு யூரின் கொறைஞ்சிருந்துச்சு, அதை நான்தான் கவனிச்சேன், தமிழ்ல சொன்னேன். "இன் இங்கிலீஷ், சிஸ்டர்"னாரு. அவுட்புட் என்னன்னு கேக்கல, இங்கிலீஷ் எங்கன்னு கேட்டாரு. அந்தச் சிரிப்புதான் இந்த ரீல்ஸ்ல கேட்டுச்சு எனக்கு. அதான் இவ்ளோ நீளமா எழுதிட்டு இருக்கேன், "ஒரு காமெடி வீடியோவுக்கு இவ்ளோ சீன் தேவையா"ன்னு கேக்கப் போறவங்களுக்கும் சேத்துத்தான்.

இன்னைக்கு நான் வேலை பாக்குற வார்டுல கோட்டயத்துக்காரி இருக்கா, மணிலாக்காரி இருக்கா, நைஜீரியாக்காரர் இருக்காரு. ஒவ்வொருத்தர் பேசுறதும் ஒரு ராகம். எங்க பேஷண்டு ஒரு தாத்தா வடக்கு இங்கிலாந்து, அவர் பேசுறது லண்டன்ல பிறந்த டாக்டருக்கே பாதி புரியாது. "இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு கேப்போம், சொல்லுவாரு. அவரு கேட்டா நாங்க சொல்லுவோம். யாரும் யாருக்கும் மியூசிக் போடுறதில்ல.

அந்தத் தங்கச்சி இதைப் படிச்சா, எக்ஸாமை தள்ளிப் போடாத. மாடி ஏறிப் போய் அவர்கிட்டதான் உக்காரணும்னு இல்ல, ரோல்ப்ளே கார்டு என்கிட்ட கட்டுக்கட்டா இருக்கு, லீவு நாள்ல வீடியோ கால்ல நான் பேஷண்டா நடிக்கிறேன், நல்லாவே அழுவேன்.

சாருக்கு ஒண்ணே ஒண்ணு. உங்க கேப்ஷனை இங்கிலீஷ்லயும் போட்டிருந்தீங்க, அதுல ரெண்டு எடத்துல இலக்கணம் இடிக்குது. ஸ்கிரீன்ஷாட் இருக்கு, போடல. மூணு வருஷமா எங்க காலேஜ் ஜூனியர்ஸுக்கு உங்க நம்பரைக் குடுத்துட்டு இருந்தவ நான், யார் யாரு என் பேரைச் சொல்லி சேந்தாங்கன்னு உங்க ரெஜிஸ்டர்லயே இருக்கும். இந்த ஜூன் பேட்சுக்கு கேட்டவங்களுக்கு இன்னும் நம்பர் அனுப்பல. ரீல்ஸை எடுத்துட்டு அந்தப் பொண்ணுகிட்ட போன்ல பேசிட்டு சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்.